ஆக்சிலேட்டரில் இன்னொரு கால்

இது நடக்கவே இல்லை என்று யாராவது நிரூபித்தால் இன்றைக்கே நிம்மதியாகத் தூங்குவேன். ஆனால் என் லேப்டாப்பில் நொடிவாரியாகப் பதிவு இருக்கிறது.

அக்கா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை முதல் அதில்தான் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்துப்போக வேண்டும். நான் கார் மெக்கானிக். ஞாயிறு மதியம் இன்ஜின் கம்ப்யூட்டரோடு லேப்டாப்பை இணைத்தேன். அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

2:36. நேர்ச்சாலை. வேகம் எண்பது.

சீரான வேகத்தில் அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சும். எந்தக் கணத்தில் பொறி தெறிக்க வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் போடும். ஓட்டுபவர் காலை எடுத்தால் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று 0 முதல் 100 வரையான எண்ணில் சொல்ல ஆக்சிலேட்டரில் இரண்டு சென்சார்கள். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் மெதுவா போக்கா."

"இதுக்கு மேல மெதுவா போனா பின்னால ஆமை ஹார்ன் அடிக்கும்டா."

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

முதல் சென்சார் 20. இரண்டாவது 26.

ஒயர் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

2:41. தூரத்தில் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது.

"கால எடுக்கா."

"எடுத்துட்டேன்."

முதலாவது 0. இரண்டாவது 34.

பெட்ரோல் நிற்கவில்லை. கூடியது. வேகம் தொண்ணூறு...

குனிந்து பார்த்தேன். அக்காவின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. ஆக்சிலேட்டரின் மேல் எதுவும் இல்லை.

இரண்டாவது சென்சார் 51... 68...

"நிக்க மாட்டேங்குதுடா தம்பி."

சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் அணைந்தது. கேட்டுக்கு நான்கடி முன்னால் நின்றோம். ரயில் தடதடவென்று கடந்தது.

திரையில் அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

85...

100.

4:20. பட்டறையில் பெடலைக் கழற்றினேன். இரண்டாவது சென்சாரின் ஒயர்கள் வெட்டப்பட்டிருந்தன. முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வெட்டிப் பல மாதம் ஆகியிருக்கும். அப்படி வெட்டினால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் வேகமெடுக்காமல் தவழ வேண்டும். எண் வரவே முடியாது.

அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல, விற்றவருக்குப் போன் செய்தேன். ஒயரைப் பற்றிக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் வெட்டினேன் தம்பி... வெட்டினா அது கால எடுத்துடும்னு நினைச்சேன்."