நாற்பது முடிய ஒரு நாள்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் இன்னும் மோசமாக இருக்கும், மன்னியுங்கள்... சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்!

நேற்று ஜமுனாமரத்தூரில் சந்தை. நானும் என் மனைவி மல்லிகாவும் புளியும் சாமையும் விற்கிறவர்கள். சொந்தத் தொழில்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலாளியும் நாமே என்றால், கை கால் ஓய்ந்த பிறகு பென்ஷன் யார் கொடுப்பார்?

சந்தை முனையில் பேங்கிலிருந்து செல்வி என்ற பெண் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மாதாமாதம் கணக்கிலிருந்து கொஞ்சம் பிடிப்பார்களாம். அறுபதுக்கு மேல் உயிருள்ளவரை பென்ஷனாம்!

"நாப்பது முடியறதுக்குள்ள சேரணும்ணே. உங்களுக்கு எத்தினி?"

"நாப்பத்தெட்டு."

"உங்களுக்கு வேற திட்டம் இருக்கு, அப்புறம் சொல்றேன். அக்காவுக்கு?"

"முப்பத்தஞ்சு இருக்கும்," என்றேன்.

"இன்னாய்யா, பத்து வருசமா எனக்கு முப்பத்தஞ்சுதானா?" என்றாள் மல்லிகா.

செல்வி அவளுடைய ஆதார் அட்டையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா... நாளைக்கு உங்களுக்கு நாப்பது முடியுது! இன்னிக்கே பேங்குக்குப் போய்ச் சேந்துடணும்!"

எங்கள் மலையில் பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? ஆதார் முகாமில், "புளி உலுக்கற சமயத்துல பொறந்தா" என்றார் அவள் அம்மா. வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு, தேதிக்கு ஜனவரி ஒன்று என்று தட்டிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். அந்தத் தேதி ஒருநாள் பென்ஷனுக்கே கதவைச் சாத்தும் என்று யார் கண்டது?

மூட்டைகளைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு பேங்குக்கு ஓடினோம். மூச்சிரைக்கக் கவுன்டரில் நின்றால்... "சர்வர் படுத்துக்கிச்சுங்க. நாளைக்கு வாங்க."

கவுன்டரில் பேனா கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். நேற்று எப்படித்தான் வாய் வந்ததோ, கத்தியே விட்டேன்.

"நாளைக்கு இவளுக்கு வயசாய்டும் சார்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "எங்களுக்கு மட்டும் கொறையப் போவுதாய்யா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "உக்காருங்கம்மா. நெட் வராம நானும் எழுந்திருக்க மாட்டேன்."

உட்கார்ந்தோம். வரிசை கரைந்தது. ஒரு பஸ் போனது, இன்னொன்றும் போனது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். மல்லிகா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது — அவள் பெயர், பென்ஷன் கணக்கு எண்!

"ஆய்டுச்சா?" என்றாள்.

"ஆய்டுச்சு!" என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வயதை ஆபீஸ் கணக்குப் பார்த்துக்கொள்ளும். நமக்கு யார் பார்ப்பார்? சொந்தத் தொழில்காரர்களே, இதைப் படித்ததும் உங்கள் வீட்டுக்காரி அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மல்லிகாவுக்கு இனி எத்தனை வயது வேண்டுமானாலும் ஆகட்டும்.

எழுதி முடித்தது: ஜனவரி ஒன்று.