வரப்பில் குடியிருக்கும் கிருமி

போன வாரம் திருச்சுழி பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கயல் அழாத குறையாக வந்து நின்றாள். "மாமா, சித்தப்பா நாளைக்கு வரப்பையும் சேத்து உழுகப் போறாகளாம். என் படிப்பே போச்சு."

வரப்புக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

கயல் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கிறாள். அப்பாவின் பருத்திக் காட்டுக்கும் சித்தப்பா காட்டுக்கும் நடுவே கிடக்கும் வரப்பில்தான் ஆராய்ச்சிக்கு மண் எடுத்தாள். உரமும் மருந்தும் படாத இடம் அது ஒன்றுதான். அதில் வளர்ந்த ஒரு பாக்டீரியாவுக்குள் புரதம் செய்ய உதவும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. சங்கிலியின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தால்... உலகப் பதிவில் உள்ள எதோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்கலாம். அதற்குள் வளர்த்த தட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மறுபடி அதே மண் வேண்டும், ஒரு தடவை எடுத்தாலும் போதாது.

அப்பாவை விட்டுக் கேட்கலாமே? அங்கேதான் சிக்கல். அண்ணன் தம்பிக்குள் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் — சாட்சாத் அந்த வரப்பு.

நானும் கயலுமே கிளம்பினோம். சித்தப்பா டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். கயல் போனில் அந்த ஆர்.என்.ஏ. படத்தைக் காட்டினாள்.

"மொத்தம் நாலே எழுத்துதான் சித்தப்பா, மாறி மாறி வரும். நீட்டமா கெடக்காது. கொண்டை ஊசி மாதிரி மடிஞ்சு, எதிரெதிரா ஜோடி சேந்து நிக்கும். நெறைய எடம் எல்லா பாக்டீரியாவுக்கும் ஒண்ணுதான். அங்கங்க மாறுறத வச்சுத்தான் எந்த வகையறான்னு கண்டுபிடிக்கிறது."

"ஒரு பக்கம் எழுத்து மாறிட்டா ஜோடி பிரிஞ்சிராதா?"

"பெரும்பாலும் எதிர்ப்பக்கமும் தோதா மாறிக்கிரும். இல்லைன்னா உள்ள வேலை ஓடாது."

அவர் கேனை மெதுவாக மூடினார். "அப்ப, நம்ம வரப்புல இருக்கிறது புதுசுங்கிற?"

நம்ம வரப்பாம். எத்தனை பஞ்சாயத்து வைத்தும் வராத வார்த்தை! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு...

மறுநாள் காலை மண் எடுக்கப் போனோம். சித்தப்பா எங்களுக்கு முன்பே வந்து வரப்புக்குக் காவல் நின்றார். விஷயம் தெரிந்து மச்சானும், அதாவது கயலின் அப்பாவும், விறுவிறுவென்று வந்துவிட்டார். இன்றைக்கும் சண்டையா?

தம்பி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கண்ணே. புள்ள படிக்கிற மண்ணு."

மச்சான் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினார். கயல் மண்ணைக் குப்பியில் அடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அது புது இனமா என்று லேப்தான் சொல்ல வேண்டும். எனக்கு இப்போதே சந்தோஷம் தாங்கவில்லை. பின்னே... மச்சான் செருப்பைக் கழற்றிப் போட்டது தம்பி காட்டுக்குள். எடுக்கச் சொல்லி ஒரு சத்தம் வரவில்லையே!