இடப்பக்கத்துக் கைப்பிடி

கரண்டு வந்து கைப்பேசியைச் சார்ஜில் போட்ட சற்று நேரத்தில் ஸ்டெல்லா அக்காவின் அழைப்பு வந்தது. "லதா, அவரு எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு," என்றார். தின்கன்ஜூனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருதான் அவர்களுடையது. நான் போனபோது அக்காவின் கணவர் ஊ அருளப்பன் அவர்களை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் அவருடைய வேன் வழக்கம்போல் நின்றிருந்தது.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. பர்மிய மரியாதைப்படி பெயருக்கு முன்னால் அவருக்கு 'ஊ', எனக்கு 'மா'. பிறரிடம் ஒரு பேனாகூடக் கேட்க மாட்டார். மேலே மின்விசிறி நின்றுபோய், ஒரு வெயில் காலம் முழுக்க அட்டையால் விசிறிக்கொண்டே வேலை பார்த்தார். எனக்குத்தான் எரிச்சல் வரும். "ஆளக் கூப்பிட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றால், "அவரு கைவேலைய விட்டுட்டு வரணுமில்ல, மா லதா. அனாடேயா இருக்கு," என்பார். அடுத்தவருக்குத் தொல்லையாகிவிடுவோமோ என்கிற கூச்சத்துக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. அவருக்கு மூக்குமுட்ட இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஸ்டெல்லா அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை ஓரளவு திரும்பியது, வலது கை திரும்பவில்லை. ஆண்டுதோறும் மாதா திருவிழாவுக்குப் போய்க் கோயில் மைதானத்தில் பாய் விரித்துத் தங்குவது அவர்கள் வழக்கம். அக்காவால் இனிமேல் தரையிலிருந்து எழ முடியாது. அதற்காகவே இவர் ஒரு பழைய ஜப்பான் வேனைத் தேடிப் பிடித்தார். உள்ளே கட்டில் உண்டு. கூரையின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினால் கட்டிலில் நிமிர்ந்து உட்காரலாம். தூக்காவிட்டால் தலை இடிக்கும். கூரையைத் தாங்கும் தண்டுகளோ செத்துப்போயிருந்தன. நாலு ஆண்கள் சேர்ந்தால்தான் எழும்பும். இவரையோ இருதய டாக்டர் கனம் தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். கூரை எழும்பாவிட்டால் அக்காவுக்குத் திருவிழா இல்லை. அதற்காக ஆண்டுக்காண்டு நாலு பேரைக் கெஞ்ச இவரால் ஆகுமா?

சுற்று ரயிலேறி இன்சீன் சந்தைக்குப் போய் இரும்புக் குழாய்களோடு வந்தார். சுத்தியலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத மனிதர். முதலில் கார் ஜாக்கியின் மேல் ஒரு கட்டையை நிறுத்திப் பார்த்தார். கட்டை துள்ளிப் போய்ப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்தது. அந்த வீட்டுக்கு ஒரு வாரம் மன்னிப்புக் கேட்டார். பிறகு படகு இழுக்கும் கை வின்ச் ஒன்று கிடைத்தது. வேனின் பின்னால் குழாயை நட்டு, உச்சியில் கப்பி மாட்டி, கம்பிக் கயிற்றைக் கூரை விளிம்பில் கொக்கிபோட்டு இணைத்தார். கைப்பிடியைச் சுற்றினால் டக் டக்கென்று கூரை மேலே போகும். கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

கைப்பிடி மட்டும் இடப்பக்கம் இருந்தது. "தப்பான பக்கம் மாட்டிட்டீங்க, ஊ அருள். நீங்க சோத்தாங்கைக்காரரு," என்றேன். "இருக்கட்டும், மா லதா," என்றார். அவரும் இடக்கையால் திணறித் திணறித்தான் சுற்றினார்.

அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நானும் கூடப் போனேன். அங்கே அது கெட்டது. ஒரு மனிதர் தனியாக எதையோ தூக்குகிறார் என்றால் நம் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காதே. அவர் சுற்றத் தொடங்கியதும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மேலே தள்ளினார்கள். கயிறு தொய்ந்து கப்பியை விட்டு விலகியது. கூரை நின்றுவிட்டதென்று அவர்கள் கையை எடுக்க, அது தடாலென்று விழுந்து கோணிக்கொண்டது. அக்கா தேர் பார்க்காமலே திரும்பினார். "உதவிக்கு வந்தவங்களக் கோவிக்க முடியுமா?" என்று மட்டும் சொன்னார் இவர். எனக்கு அத்தனை பேர் மேலும் கோபம்.

மறு ஆண்டு, கோணலை நிமிர்த்திக்கொண்டு வந்தவர், கைப்பிடியைத் தொடுமுன் சுற்றியிருந்த எல்லோரையும் அழைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு கையில் டீக் கோப்பை, மறு கையில் லப்பெட் தட்டு கொடுத்தார். ஊறிய தேயிலையும் வறுத்த பயறும் எண்ணெய் சொட்டச் சொட்ட. கீழே வைக்கவும் இடமில்லை. என் பக்கம் குனிந்து, "ரெண்டு கையும் நெறஞ்சிருந்தா யாரும் தூக்க வரமாட்டாங்க," என்றார். அவர்கள் மென்றுகொண்டே பார்த்திருக்க, கூரை எழும்பியது. அதற்குப் பிறகு அக்கா ஒரு திருவிழாவையும் தவறவிடவில்லை.

நேற்று அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். பகோவிலிருந்து வந்த உறவினர்களுக்கு வீட்டில் படுக்க இடம் போதவில்லை. "வேன்ல ரெண்டு பேரு படுக்கலாம். கூரையத் தூக்கிடுறேன்," என்று அக்கா எழுந்தார். ஆண்கள் அத்தனை பேரும் கூடவே எழுந்தார்கள். நான் சமையலறைக்கு ஓடிக் கோப்பைகளையும் தட்டுகளையும் எடுத்து வந்து, ஒருவர் கையையும் விடாமல் நிரப்பினேன்.

அக்காவின் வலது கை பக்கவாட்டில் தொங்கியது. இடது கை கைப்பிடியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. டக், டக், டக். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போய் வாருங்கள், ஊ அருளப்பன். கூரை எழும்பிவிட்டது. யாரும் கை கொடுக்கவில்லை.