சரக்கில் விஷம் இல்லை

என் அக்காள் கணவர் கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு பயிரிட்டவர். லைசென்ஸ் கடைச் சாராயம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எங்கள் யூனியன் பிரதேசத்தின் எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அங்கே திருட்டுத்தனமாகக் காய்ச்சியதைக் குடித்துச் சாகிறவர்கள் முட்டாள்கள் என்பது அவர் கட்சி. எழுபதுகளின் கடைசியில் அவர் கண்ணில் மஞ்சள் ஏறியது. "எவனோ சரக்குல கலந்துட்டான் மச்சான்" என்றார்.

நான் அப்போது பாகூர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளர். விஷம் என்று தெரிந்தால் மனிதர் குடியை விட்டுவிடுவார் என்று அக்காள் நம்பினாள். படித்தவன் நானும் நம்பினேன். அவர் குடிக்கும் கடையிலேயே மாதிரி எடுத்தேன். மூன்று புட்டி, அரக்கு முத்திரை, இரண்டு சாட்சி, மூன்று பிரதிகளில் படிவம். ஒரு கமா பிசகவில்லை.

ஆய்வகத்தின் பதிலும் ஒழுங்காகவே வந்தது. மெத்தனால் இல்லை, நச்சுப் பொருள் எதுவும் இல்லை. இங்கிலீஷில் இருந்ததை நானே தமிழில் படித்துக் காட்டினேன். என் சர்வீசில் அதைவிட மடத்தனமான காரியம் செய்ததில்லை.

"பாத்தியாடி! உன் தம்பி கவர்மெண்டுலயே எழுதி வாங்கியாந்துட்டான்."

காகிதம் நான்காக மடிந்து அவர் சட்டைப் பைக்குள் போனது. அதன் பிறகு காலையில் கீழாநெல்லி, மாலையில் சாராயம்.

சில மாதங்களில் வயிறு நீர்கோத்து வீங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி டாக்டரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார்.

"இது சரக்குக்குக் குடுத்த சர்டிபிகேட்டுய்யா. உன் வயித்துக்கு யாரு குடுத்தது?" என்றார் டாக்டர்.

பிறகு எனக்கு விளக்கினார். எல்லோர் குடலிலும் கிருமிகள் உண்டு. அவற்றின் நஞ்சைக் குடலின் சுவர் தடுத்து நிறுத்தும். சாராயம், எத்தனை சுத்தமானதானாலும், அந்தச் சுவரைப் பொத்தலாக்கும். நஞ்சு கசிந்து, ரத்தத்தோடு நேரே ஈரலுக்குப் போகும். சாராயம் ஏற்கெனவே புண்ணாக்கி வைத்திருக்கும் ஈரலை அதுவும் சேர்ந்து அரிக்கும். விஷம் புட்டியில் இல்லை, ஆளுக்குள்ளேயே இருந்தது.

மாமா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்போ என் வயித்துலருந்து சாம்பிள் எடு மச்சான். உங்கிட்டதான் ஃபாரம் இருக்குமே" என்று சிரித்தார். அதற்கு என்னிடம் ஃபாரம் இல்லை.

அந்த வாரமே போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அக்காள் அவர் சட்டையை உதறினாள். மடிப்பில் கிழிந்த காகிதம் விழுந்தது. எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தாடா. இன்னொருத்தனுக்குப் படிச்சிக் காட்டலாம், வச்சிக்கோ."