தங்க எஞ்சின் ஊர்வலம்

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கில், பாடாங் கோத்தா திடலில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வேடிக்கை காட்டினார்கள். காலாற நடக்கப் போன நானும் நின்றேன். எனக்கு அந்தக் கார்களெல்லாம் தம்பி முறை. ஆனால் அவற்றைத் தினமும் துடைத்துப் பாலிஷ் போட ஆள் இருக்கிறது.

ஒரு காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் கடும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். அந்த எஞ்சினுக்குத் தொழிற்சாலையில் பூசிய அசல் நிறம் இலைப்பச்சையா, சாம்பல் கலந்த பச்சையா என்பது விவகாரம். ஒருவர் கையில் பூதக்கண்ணாடி. இன்னொருவர் கையில் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சாய டப்பா. உலகத்தில் மற்ற பிரச்சினைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன போலும்.

"அங்கிள், நீங்க சொல்லுங்க லா. ஒரிஜினல் கலர் எது?"

"பச்சைதான் தம்பி. ஒரு மாசம் ஓட்டினா எண்ணெய்க் கறுப்பு" என்றேன். இருவருக்கும் பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் ஒன்றுபட்டார்கள்.

வெயிலில் அந்தப் புதுச் சாயம் சூடேறி ஒரு வாடை வந்தது பாருங்கள், அங்கேயே எனக்கு வயது இருபத்து நான்காகிவிட்டது.

அப்போது நான் பினாங் ரோட்டில் காசிம் முதலாளியின் மோட்டார் பட்டறையில் உதிரிபாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. கிராணி என்றால் என்னவோ என்று நினைத்துவிடாதீர்கள். நட்டு கேட்டால் நட்டு எடுத்துக் கொடுப்பேன், போல்ட் கேட்டால் அதையும் கொடுப்பேன். கார்கள் பெரிய மரப்பெட்டிகளில் கப்பலில் வரும். பெட்டியை உடைத்தால் மசகும் எண்ணெய்க் காகிதமும் கலந்த மணம். உள்ளே எஞ்சின், ஒரு கம்பெனிக்குப் பச்சை, ஒரு கம்பெனிக்குச் சாம்பல், ஒரு கம்பெனிக்குக் கறுப்பு என்று உட்கார்ந்திருக்கும். எங்கள் பட்டறைக்கு அதிகம் வந்தது பச்சை. ஏன் பச்சை என்று ஒருமுறை முதலாளியைக் கேட்டேன்.

"வெள்ளக்காரன் ஊர்ல புல்லு ஜாஸ்திப்பா" என்றார். தொழில் சம்பந்தமாக நான் எதைக் கேட்டாலும் இந்தத் தரத்தில்தான் விளக்கம் கிடைக்கும்.

காசிம் முதலாளி நல்ல மனிதர். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து சிறுவயதில் வந்து, கையால் உழைத்து முன்னுக்கு வந்தவர். எதிர்ப்பட்டறைக்காரன் எதைச் செய்தாலும் அதற்கு ஒருபடி மேலே செய்யவேண்டும் என்பது ஒன்றே அவருக்கு இருந்த நோய். எதிர்ப்பட்டறைக்காரன் கல்யாண ஊர்வலங்களுக்கென்று ஒரு கார் வைத்திருந்தான். அதன் எஞ்சினுக்கு வெள்ளிச் சாயம் பூசி, பானெட்டின் இரு பக்கங்களையும் மடித்துக் கட்டி, ஊரே பார்க்கும்படி ஓட்டுவான். மாப்பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜனம் எஞ்சினைப் பார்க்கும். பல மாப்பிள்ளைகளுக்கு அது ஒருவகையில் நல்லதுதான்.

இந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம். ரயில்வேயில் கிராணியாக இருந்த அவள் தாய்மாமன்தான் முன்னின்று பேசி முடித்தார். மாப்பிள்ளை மோட்டார் கம்பெனியில் பெரிய வேலை, சொந்தக் கார் மாதிரி கம்பெனிக் காரில் வந்து இறங்குவார் என்று அந்த ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. எப்படியும் பட்டறைக் கார் ஒன்றை இரவல் கேட்பதாகத்தான் இருந்தேன்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் தன் காரையே தருவதாகச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம்.

"அவன் வெள்ளின்னா நாம தங்கம்" என்றார்.

கடைப்பலகை எழுதுகிறவனிடமிருந்து தங்கப் பொடி வாங்கிவந்து, வார்னிஷில் குழைத்து, தொழிற்சாலைப் பச்சையின்மேல் தாராளமாகப் பூசினோம். எஞ்சின் ஓடினால் சுடும் என்பது பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூட்டை நம்பித்தான் பிழைப்பே நடந்தது. என்றாலும் அன்று ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. பூசி முடித்ததும் எஞ்சின் கோயில் விக்கிரகம் மாதிரி மின்னியது. நான் கும்பிடாததுதான் பாக்கி.

கல்யாணத்தன்று காலை குயின் ஸ்திரீட் கோயிலிலிருந்து, வேண்டுமென்றே பினாங் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, படகுத்துறைக்கு ஊர்வலம். அப்பாவும் அம்மாவும் முதல் நாளே பெண் ஊருக்குப் போய்விட்டார்கள். காரில் நானும் அக்காவும். ஜரிகைத் தொப்பியோடு முதலாளியே ஓட்டினார். முன்னால் நாதஸ்வரக்காரர்கள் நடக்கிறார்கள், பின்னால் கார் ஊர்கிறது. எதிர்ப்பட்டறை வாசல் வந்ததும் முதலாளி காரை நிறுத்தி, நாதஸ்வரத்தில் ஒரு பாட்டு முழுவதும் முடியட்டும் என்று சொல்லிவிட்டார். எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நன்றாகக் காய்ந்தது. எதிர்ப்பட்டறைக்காரன் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். முதலாளியின் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். என் கல்யாணத்தில் அவர் அடைந்த ஆனந்தத்தில் பாதிகூட நான் அடையவில்லை.

காரைப் படகில் ஏற்றினோம். உப்புத்தண்ணீர் தெறிக்குமே என்று, ஊர்வலத்தில் மடித்துக் கட்டியிருந்த பானெட்டை மூடினார்கள். நடுக்கடலுக்கு வந்தபோது அதன் இடுக்குகளிலிருந்து புகை எட்டிப் பார்த்தது. பிறகு குபுகுபுவென்று வந்தது. வார்னிஷ் தீயும் வாடையை முகர்ந்திருக்கிறீர்களா? முகராதீர்கள்.

"அப்பி! அப்பி!" என்று, அதாவது நெருப்பு நெருப்பு என்று, கூவிக்கொண்டு மலாய் மாலுமிகள் ஓடிவந்தார்கள். படகு நிறைய ஜனம், குழந்தைகள், கோழிக் கூடைகள். காரின் தொட்டி நிறைய பெட்ரோல். ஒரு பெண்மணி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படகின் விளிம்புக்கே போய்விட்டாள். இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. பாய்ந்து வெறுங்கையால் பானெட்டைப் பிடித்துத் தூக்கினேன். தகடு உள்ளங்கையைச் சுட்டது. உள்ளே தீ இல்லை. தங்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிப் புகைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"தீ இல்ல, சாயந்தான், ஊத்தாதீங்கப்பா!" என்று முதலாளி தமிழில் கத்தினார். தமிழ் தெரியாத மாலுமிகள் கடல்நீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். காய்ந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர். டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நீளவாக்கில் விரிசல்விட்டு வெடித்தது. ஊற்றியதில் பாதி என்மேல். பட்டு வேட்டி நனைந்து, அதில் தங்கச் செதில்கள் ஒட்டிக்கொண்டன.

அக்கரையில், பட்டர்வொர்த்தில் எல்லோருமாகச் சேர்ந்து காரைத் தள்ளி இறக்கினோம். முகூர்த்த நேரமோ நெருங்குகிறது. துறையில் புறப்படத் தயாராக நின்ற ஒரே வண்டி, பெலாச்சான் ஏற்றிய லாரி. அரைத்துக் காயவைத்த அந்த இறாலின் மணத்தை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மாப்பிள்ளையா? ஏறு தம்பி. மூட்டை மேல மட்டும் உக்காராத, சரக்கு நசுங்கிடும்" என்றார் ஓட்டுநர். அக்காவை முன்னால் ஏற்றிவிட்டு, நானும் முதலாளியும் பின்னால் நின்றுகொண்டே போனோம். முதலாளி வழிநெடுக எதிர்ப்பட்டறைக்காரனுக்குச் செய்தி எட்டிவிடுமோ என்றுதான் கவலைப்பட்டார்.

புக்கிட் மெர்தாஜாம் கோயில் வாசலில் ஊரே திரண்டு காருக்காகக் காத்திருந்தது. லாரி வந்து நின்றது. தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மோட்டார் எங்க?"

"படகுத்துறையில நிக்குது" என்றேன்.

"மோட்டார் கம்பெனியில பெரிய வேலைன்னாங்க. மாப்பிள்ள பெலாச்சான் லாரியில வந்து எறங்குறாரு! எங்கள என்னன்னு நெனச்சீங்க? இந்தக் கல்யாணம் நடக்காது."

முதலாளி குறுக்கே வந்தார். "அண்ணே, தப்பு என்னோடது. பையன் தங்கம்."

அந்த நேரத்தில் தங்கம் என்ற சொல்லை அவர் தவிர்த்திருக்கலாம்.

அப்பா தலைகுனிந்து நின்றார். அம்மா அழ ஆரம்பித்தாள். நாதஸ்வரம் நின்றுவிட்டது. அப்போது கூட்டம் சலசலத்தது. மணப்பெண் கூரைப்புடவையோடு தானே வெளியே வந்துவிட்டாள். அப்படி வருகிற வழக்கமே கிடையாது. என்னை நேராகப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"மாமா, அவரு கை வெந்து போயிருக்கு. மோட்டார அப்புறமா தேடலாம். மொதல்ல யாராச்சும் தேங்காயெண்ணெய் கொண்டாங்க."

எண்ணெய் கொண்டுவரப் போனது தாய்மாமனேதான். என் காதில் விழ அவள் பிறப்பித்த முதல் உத்தரவு அது. பின்னாளில் அதுபோல எத்தனையோ வந்தன, எல்லாம் அப்படியே நிறைவேறின. கொப்புளம் கண்ட கையால் தாலி கட்ட முடியவில்லை. முடிச்சுகளை அக்கா போட்டாள். எண்ணெயும் இறாலும் வார்னிஷும் கலந்த வாசனையோடு நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குடும்பத் தலைவனாக என் பணி அவ்விதம் தொடங்கியது.

வெடித்த எஞ்சினை முதலாளி கழற்றிப் போட்டுவிட்டு, வேறொரு காரின் சாம்பல் நிற எஞ்சினை அதில் மாட்டினார். சில வருடங்கள் ஓடிய பிறகு, ஜப்பான்காரன் படையெடுத்து வந்து அந்தக் காரைக் கேட்காமலேயே கொண்டுபோனான். அது எங்கேனும் பிழைத்துக் கிடந்தால் யாராவது ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சாம்பல்தான் அசல் என்று சத்தியம் செய்வார்.

முதலாளி சண்டைக்காலத்திலேயே போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் இன்று கேசட் கடை. மரப்பெட்டி, எண்ணெய்க் காகிதம், எதிர்ப்பட்டறைக்காரனின் வெள்ளி எஞ்சின், எதுவும் இல்லை.

இந்தக் கதையை என் மனைவி சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அவள் கணக்கில் லாரியில் இருந்தது கருவாடு. வாசலுக்கு அவள் வரவேயில்லை, நான்தான் உள்ளே ஓடிவந்து கையை நீட்டினேன் என்பாள். பேரப்பிள்ளைகள் முன்னால் ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன், அவள் விடமாட்டாள். போன வருஷம் அவளும் போய்விட்டாள். இப்போது எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி, பிசகாமல் சொல்கிறேன். இடையில் மறித்து, "பொய்யி, நம்பாதீங்க" என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை.