சவாரி வளையத்தில் எந்தப் பக்கம் ஒதுங்குவது

குதிரையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அதே நினைப்புதான். பட்டாளக்காரர்கள் இருந்த கன்டோன்மென்டில் பன்னிரண்டு வருஷம் ஒற்றைக் குதிரை ஜட்கா வண்டி ஓட்டியவன் நான். வெள்ளைக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, ஒரு சவாரிப் பள்ளியில் குதிரைகளைக் காலையில் ஏறி ஓட்டிப் பழக்க ஆள் தேடினார்கள். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வேலை நிரந்தரம் என்றார் பள்ளியை நடத்திய மாஸ்டர். பட்டாளத்தில் குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜட்கா தொழில் படுத்துக்கொண்டிருந்தது, வீட்டில் ஐந்து வாய். அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது.

முதல் நாளே விதிகளைச் சொன்னார். வேலி போட்ட வளையத்துக்குள் நுழையுமுன் வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். முன்னே போகிற குதிரையின் வாலை ஒட்டிப் போகக்கூடாது, உதைக்கும். எதிரே யாராவது வந்தால் இருவருமே அவரவர் வலது பக்கம் ஒதுங்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் சார்" என்று தலையாட்டினேன். இதெல்லாம் ஒரு வித்தையா என்று மனசுக்குள் சிரிப்பு.

மூன்றாவது வாரம். பக்கத்துக் காக்ஸ் டவுனிலிருந்து ஒரு லேடி டாக்டர் சவாரி கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தனியாகக் குதிரையை ஓடவிட்டிருந்தார். எதிரே இன்னொரு குதிரையில் நான். தலைக்கு விதி தெரியும். கைக்குத் தெரிந்தது ரோடுதான். ரோட்டில் பன்னிரண்டு வருஷம் இடது பக்கம் ஒதுங்கிய கை, லகானை இடது பக்கமே இழுத்தது. அவர் விதிப்படி தன் வலது பக்கம் வந்தார். இரண்டு குதிரையும் மூக்கோடு மூக்கு. அவர் குதிரை மிரண்டு எகிற, அவர் மண்ணில் விழுந்தார்.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். "கண்ணை எங்கம்மா வெச்சிருக்கே? பாத்து வர வேணாமா?" ஜட்காக்காரன் வாய். ரோட்டில் முதலில் கத்துகிறவன் பக்கம்தான் நியாயம்.

மாஸ்டர் லாயத்திலிருந்து ஓடிவந்தார். நடந்ததை அவர் பார்க்கவில்லை. டாக்டரம்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பு என்னுதுதான் மாஸ்டர். எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு கொழம்பிட்டேன். எனக்கு இது வராது. நாளையிலேர்ந்து வரலே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை எனக்கு. ஆனால் அந்தம்மா முகத்தைப் பார்க்க வெட்கமாகப் போய்விட்டது. சரியாக வந்தவர், தப்பாக வந்தவன் போட்ட சத்தத்தை நம்பிவிட்டார்.

"அவங்க சரியாத்தான் வந்தாங்க சார். நான்தான் ரோட்டு ஞாபகத்துல திருப்பிட்டேன்" என்றேன்.

மாஸ்டர் என் குதிரையின் லகானைப் பிடித்தார். "எறங்குப்பா. நீ போலாம்."

இறங்கினேன். டாக்டரம்மா குறுக்கே வந்தார். "அவரை அனுப்பாதீங்க மாஸ்டர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் விழுந்தது பரவால்லே. விழுந்தவளைப் பாத்துக் கத்தினீங்களே, அதுக்கு மன்னிப்புக் கேளுங்க."

ரோட்டில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். தப்பை ஒப்புக்கொண்டதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் மறுபடி குதிரை ஏறினார்.  மாஸ்டர் என்னிடம் லகானைத் திருப்பிக் கொடுத்து, "ஏறு. அவங்களுக்கு எதிரே வா" என்றார்.

வந்தேன். என் கை மறுபடி இடது பக்கம் போகப் பார்த்தது; பிடித்து வலது பக்கம் இழுத்தேன். அந்தம்மா தயங்காமல் தன் வலது பக்கம் ஒதுங்கி என்னைக் கடந்து போனார்.