சால்வியாவுக்கு வெயில் வேண்டியிருந்தது

அந்தப் புங்கமரத்தில் விரிசல் எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன்.

இதை முதலில் கேட்பது நீங்கள்தான். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பு. தரைத்தள வீடு, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கட்டில் அகலத்துக்கு மண். அதில் நீல சால்வியா நட்டேன். வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் செடி! ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். என் மண்ணிலோ மதிலோரப் புங்கமரத்தின் நிழல். இரண்டு முறை நட்டேன். இரண்டு முறையும் ஈரத்தில் வேர் அழுகிப்போயிற்று.

அதே நிழலில்தான், மதிலுக்கு வெளியே, செல்வி அக்காவின் இஸ்திரி வண்டி நின்றது. தெரியாமலா செய்தேன்? என் சட்டைகளே அங்கேதான் போயின...

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனேன். “சார், பெரிய கிளையில விரிசல் விட்டிருக்கு. கீழதான் பசங்க விளையாடுறாங்க.”

“ரிஸ்க் எதுக்கு? எடுத்துடலாம்” என்றார். ஏறிப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. அனுமதி வந்தது. ஒரு சனிக்கிழமை மரம் போயிற்று.

அன்று விழுந்த வெயில்! மறுநாளே புதுக் கன்றுகள் நட்டேன். மூன்றாம் மாதம் நீலக் கதிர்கள் வரிசையாக எழுந்தன. வாடியவற்றை நறுக்கிவிட்டேன், மீண்டும் பூத்தன! தேன்சிட்டு வந்த காலையில் அலுவலக வண்டியைத் தவறவிட்டேன். அப்படி ஒரு பரவசம்... பொய் சொல்லி வாங்கிய வெயிலுக்கும் பரவசம் உண்டு போலும்.

கோடை வந்தது. கிழிந்த பேனரைக் கூரையாகக் கட்டிக்கொண்டு தேய்த்தார் செல்வி அக்கா. ஒரு நண்பகலில் மயங்கிச் சரிந்தார். சூடான இஸ்திரிப்பெட்டி முழங்கையில் பட்டுத் தோல் வழன்றது. தண்ணீரோடு ஓடினேன்.

கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மரம் இல்லாம தாங்கல சார். ஆனா பசங்க மேல விழுந்திருந்தா? நல்லவேளை, நீங்க பாத்துச் சொன்னீங்க.”

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருக்கலாம்! நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரவால்லக்கா” என்றேன்.

அக்காவின் முழங்கைத் தழும்பு மறையவில்லை, அதே இடத்தில்தான் துணி தேய்க்கிறார். இன்று காலை சால்வியா மறுபடியும் பூத்திருக்கிறது. பார்த்ததும் துள்ளினேன். பிறகு, துவைத்த சட்டைகளை மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன்... மதிலைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.